மின்னஞ்சலில் வரும் கோப்பு: திறக்கும் முன், திறந்த பின்

கூரியர் ரசீது, பில், வருமான வரி ரீஃபண்ட், வேலைக்கான கடிதம் என்று ஏதாவது ஒரு பெயரில்தான் வைரஸ் கோப்பு வீட்டுக் கணினிக்குள் வருகிறது. பெரும்பாலும் அது தானாக வேலை செய்வதில்லை, நம்மிடம் அனுமதி கேட்கிறது. அந்த அனுமதியைக் கொடுக்காமல் இருப்பதுதான் பாதிப் பாதுகாப்பு.

1. வேர்ட், எக்ஸெல் கோப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால் நிதானியுங்கள். வந்திருப்பது வில்லங்கமான கோப்பு என்றால், உள்ளே எழுத்துகள் மங்கலாக இருக்கும். "இது வேறு பதிப்பில் தயாரான ஆவணம், படிக்க 'எனேபிள் எடிட்டிங்', பிறகு 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தவும்" என்று மைக்ரோசாஃப்ட் சின்னத்தோடு ஒரு படமும் இருக்கும். அந்த அறிவிப்பை எழுதியவர் மைக்ரோசாஃப்ட் அல்ல, வைரஸை அனுப்பியவர். இரண்டாவது பொத்தானை அழுத்தினால், கோப்புக்குள் மறைந்திருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரல் ஓடி, உண்மையான வைரஸை இணையத்திலிருந்து இறக்கிவிடும். வெறுமனே படிக்க வேண்டிய ரசீதுக்கு மேக்ரோ எதற்கு? மூடிவிட்டு அழியுங்கள்.

2. 1999இல் உலகம் முழுக்கப் பரவிய மெலிஸா வைரஸ் இந்த மேக்ரோ வழியில்தான் வந்தது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல்தான் கொண்டுவந்தது. ஆபீஸ் 2007, 2010 போன்ற பழைய பதிப்புகளில் அது இல்லை. வீட்டில் இன்னும் அவை ஓடினால் மாற்றுங்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம்தான்.

3. கோப்பின் முழுப் பெயரையும் பாருங்கள். விண்டோஸ் வழக்கமாகக் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும். அதனால் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்பது 'பில்.பிடிஎஃப்' என்று மட்டுமே தெரியும். 2000 மே மாதம் வந்த 'ஐ லவ் யூ' வைரஸ் இப்படித்தான் காதல் கடிதமாக வேடம் போட்டது. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் முழுப் பெயர் தெரியும். டிஓசிஎம், எக்ஸ்எல்எஸ்எம் என்று முடிபவை மேக்ரோ வைக்கக்கூடிய கோப்புகள்.

4. பூட்டிய ஜிப் கோப்பு ஒன்று வந்து, அதற்கான பாஸ்வேர்டும் அதே மின்னஞ்சலில் இருந்தால் சந்தேகப்படுங்கள். வைரஸ் ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாதபடி செய்வதற்கே அந்தப் பூட்டு.

5. தெரிந்தவர் அனுப்பியது என்பதும் உத்தரவாதம் இல்லை. எமோடெட் என்ற வைரஸ், திருடிய பழைய கடிதத் தொடருக்கே பதில் எழுதி அதில் தன் கோப்பை இணைத்து அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸார் சேர்ந்து முடக்கியும், அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்தது. அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

6. பார்த்தே ஆகவேண்டும் என்றால் இறக்காமல், ஜிமெயிலிலேயே முன்னோட்டமாகப் பாருங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் சோதிக்கலாம். ஆனால் ஆதார் நகல், சம்பளச் சீட்டு போன்றவற்றை அங்கே ஏற்றாதீர்கள், பிறர் கண்ணில் படக்கூடும்.

7. 'எனேபிள் கன்டென்ட்' பொத்தானை அழுத்திவிட்டீர்களா? முதலில் வைஃபையை அணையுங்கள், நெட் கேபிளைப் பிடுங்குங்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

8. அடுத்து 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள். அது முடிந்ததும் அங்கேயே இருக்கும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து எழும், சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்து ஓடும் வைரஸும் இதில் சிக்கும். இன்னொரு கருத்து வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வேறு கணினியில் இறக்கி எடுத்துவரலாம். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும்.

9. வேர்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தொல்லை திரும்பினால், நார்மல்.டிஓடிஎம் என்ற வார்ப்புருக் கோப்பில் மேக்ரோ ஒட்டியிருக்கலாம். வேர்டை மூடிவிட்டு அதை அழித்துவிடுங்கள். அடுத்த முறை வேர்ட் புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

10. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவுங்கள். அரை நாள் வேலைதான், நிம்மதி கிடைக்கும்.

11. பாஸ்வேர்டுகளைக் கண்டிப்பாக வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதியதும் திருடுபோகும். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. மின்னஞ்சல் அமைப்பில் 'ஃபார்வர்டிங்' பகுதியில் முன்பின் தெரியாத முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

12. வைரஸ் உங்கள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை. 2016இல் யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கும்.

13. வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க, புகார் சீக்கிரம் போக வேண்டும்.