எந்தக் கீரனூர்? உங்கள் இணையதளத்தில் தேடுபெட்டி அமைக்க முழுமையான வழிகாட்டி

கூகுளில் கீரனூர் என்று தட்டினால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூரும் வரும், பழனிப் பக்கத்துக் கீரனூரும் வரும். இரண்டுமே பேரூராட்சிகள். குளத்தூர் தாலுகா அலுவலகத்தைத் தேடுகிறவர் சென்னைக் குளத்தூரில் போய் நிற்பார். அந்த அலுவலகம் இருப்பதோ புதுக்கோட்டைக் கீரனூரில். அதனால்தான் ஊரைப் பற்றி ஒரு தளம் வைத்திருப்பவர், வருகிறவர்கள் அதற்குள்ளேயே தேட வழி செய்ய வேண்டும்.

நார்த்தாமலை, குடுமியான்மலை, குன்றாண்டார்கோவில் என்று சுற்றுவட்டாரக் கோயில்கள், கண்மாய்கள், கல்வெட்டுகள் பற்றி நூறு பக்கம் எழுதிச் சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (இருபது பக்கம்தான் என்றால் பெட்டி வேண்டாம், நல்ல பட்டியல் ஒன்று போதும்.) பெட்டியை வைக்கப் பத்து நிமிடம் ஆகும். அதைத் தமிழில் ஒழுங்காகத் தேட வைப்பதில்தான் வேலை இருக்கிறது.

படி 1: தேடுவதற்கு எழுத்து இருக்கிறதா?

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பின் பக்கங்களை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினால், கண்ணுக்கு எழுத்து; கணினிக்கு வெறும் படம். சாதாரணத் தேடுபெட்டி அதற்குள் நுழையாது. கூகுள் டாக்ஸில் திறந்தோ, டெசராக்ட் மென்பொருளில் கொடுத்தோ எழுத்தாக மாற்றலாம். இரண்டும் தமிழ் படிக்கும். பிழை திருத்த மட்டும் ஆள் உட்கார வேண்டும். கல்வெட்டுத் தமிழ் என்றால் நிறையவே உட்கார வேண்டும்.

அச்சகத்தில் வாங்கிய பழைய கோப்புகள் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருக்கும். அவற்றை என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டு வாருங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பாமினியில் பக்கம் போடுவது, பூட்டிய பீரோவில் புத்தகம் அடுக்குவது மாதிரி.

படி 2: பெட்டியை வைப்பது

வேர்ட்பிரஸ் தளமா? உங்கள் தீமின் பக்க அமைப்பில் ‘தேடல்’ பிளாக்கைச் சேர்த்துத் தலைப்பகுதியில் வையுங்கள். முடிந்தது.

வேறு தளம் என்றால் கூகுளின் புரோகிராமபிள் சர்ச் எஞ்சின் இருக்கிறது. தள முகவரியைக் கொடுத்தால் இரண்டு வரி நிரல் கொடுக்கும். அதை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். காசில்லை, ஆனால் முடிவுகளோடு விளம்பரமும் வரும். கூகுள் இன்னும் படிக்காத பக்கம் அதில் வராது. நேற்று ஏற்றிய பக்கத்தை இன்று காணோமே என்று பதற வேண்டாம்.

நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் பேஜ்ஃபைண்ட் என்ற இலவசக் கருவியைச் சொல்லுங்கள். அது தளத்தின் எல்லாப் பக்கங்களையும் படித்துச் சொல்லடைவு ஒன்றைத் தயாரித்து, தளத்தோடேயே வைத்துவிடும். தனி சர்வர் தேவையில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல்-இல் குறிக்க மட்டும் மறக்கக் கூடாது. அதைப் பார்த்துத்தான் எந்த மொழிக்குரிய விதியைப் பயன்படுத்துவது என்று அது முடிவு செய்கிறது.

படி 3: புள்ளி செய்யும் வேலை

இனிதான் விஷயம். கீரனூர் என்று தேடினால் ‘கீரனூரில்’ என்று எழுதிய பக்கம் வேர்ட்பிரஸில் வராது. கணினிக்கு ‘ர்’ என்பது ஓர் எழுத்தல்ல. ர-வும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘கீரனூரில்’ என்னும்போது புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. எழுத்து வரிசையை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு.

கைவைத்தியம் ஒன்று உண்டு. புள்ளியை விட்டுவிட்டு ‘கீரனூர’ என்று தட்டிப் பாருங்கள்: கீரனூர், கீரனூரில், கீரனூருக்கு எல்லாம் வந்து விழும். ‘கல்வெட்ட’ என்றால் கல்வெட்டு, கல்வெட்டில், கல்வெட்டுகள். தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியையோ உயிர்க்குறியையோ தானாகக் கழற்றிவிடும்படி நிரலாளரிடம் சொல்லலாம். சில வரி வேலைதான்.

குளம் மட்டும் இதற்கு மசியாது, ஏனென்றால் அது குளத்தில், குளத்துக்கு என்று உருமாறும். அங்கே வேர்ச்சொல் பிரிக்கும் நிரல் வேண்டும். ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது; 2019-இல் வந்த போஸ்ட்கிரஸ் 12 பதிப்பு முதல் அந்தத் தரவுத்தளத்திலும் அது சேர்ந்தே வருகிறது.

‘கொ’ இன்னொரு தொல்லை. அதன் குறியை ஒரே துண்டாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றும்படி நிரலாளரிடம் சொல்லுங்கள்.

படி 4: வருகிறவர் வாயில் வரும் சொல்

நீங்கள் ‘குமிழித் தூம்பு’ என்று எழுதியிருப்பீர்கள். வருகிறவர் ‘மடை’ என்று தேடுவார். கல்வெட்டு ஏரி என்னும், ஊர் கண்மாய் என்னும். கோயில், கோவில் பஞ்சாயத்து தனி. சாதாரணத் தேடல் நிரல் இதைத் தானாக அறியாது; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த வரியிலேயே ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்திலும் போடுங்கள்: கீரனூரை இரட்டை ‘ஈ’ போட்டு எழுதுவாரும் உண்டு, பழைய ஆவணம் பார்த்து ஒற்றை ‘ஐ’ போடுவாரும் உண்டு. மாவட்டப் பெயரையும் சேர்த்தால் பழனிக்காரர்களுக்கும் குழப்பம் இல்லை.

படி 5: வெறுங்கையோடு திரும்பியவர்கள்

வேர்ட்பிரஸில் தேடிய சொல் முகவரியிலேயே ‘எஸ்’ என்ற எழுத்தை அடுத்து நிற்கும். கூகுள் அனலிட்டிக்ஸ் இணைத்திருந்தால் அது அந்தச் சொற்களைப் பதிந்து வைக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் உங்கள் பெட்டியில் நீங்களே தட்டுங்கள், அதுவும் ஃபோனில். எதுவும் வரவில்லையென்றால் அந்தச் சொல்லை ‘வேறு பெயர்கள்’ வரியில் சேருங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுதான்.