பூட்டுப் போடுவேன் என்கிறாரா வீட்டுக்காரர்?

கேள்வி: வாடகை பாக்கி இல்லை. இருந்தும் தண்ணீரை நிறுத்திவிட்டார் வீட்டுக்காரர். சாமான்களை வெளியே வைத்துப் பூட்டுவேன் என்கிறார். யாரிடம் போவது?
– ஒரு வாசகி, ஏலாக்குறிச்சி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. வீடு அவருடையதாக இருந்தாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற அவருக்கு உரிமை கிடையாது. அரியலூர் நீதிமன்ற வளாகத்திலுள்ள இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வழக்கறிஞர் தருவார்கள். இது பலருக்குத் தெரியாமலே இருப்பது வேதனை. பஸ் ஏற முடியாவிட்டால் 15100 எண்ணுக்குப் பேசுங்கள். மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். மீறிப் பூட்டிவிட்டால், ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும்.