குடிப்பவர் சபையில் அமரலாமா?

பெரிய முதலியார்சாவடியைச் சேர்ந்த ஒரு தந்தை சென்ற மாதம் நம்மிடம் வந்தார். மகன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். "அவன் குடிப்பதில்லை, ஹஜ்ரத். குடிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். சில நாள் பைக்கில் போய் வாங்கிக் கொடுக்கிறானாம். இதில் குற்றமுண்டா?" என்று கேட்டார்.

குற்றமுண்டு. ஸூரத்துல் மாயிதாவின் 90-ஆம் வசனம் குடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மதுவை விட்டே விலகி நிற்கச் சொல்கிறது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. மதுவின் விஷயத்தில் சபிக்கப்பட்டோர் என அண்ணலார் எண்ணிக் கூறிய பத்துப் பேரில், குடிப்பவன் ஒருவன்தான். பிழிபவன், சுமந்து செல்பவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், வாங்குபவன் ஆகியோரும் அதில் அடக்கம். முதலியார்சாவடியிலிருந்து கோட்டக்குப்பத்தைக் கடந்தால் புதுவை எல்லை; அங்கே மது மலிவு. 'நான் தொடுவதில்லை, நண்பர்களுக்காக வாங்கி வருகிறேன்' என்று வண்டியை எடுக்கும் பிள்ளைக்கு, அவன் எந்த வரிசையில் போய் நிற்கிறான் என்பதைப் பெற்றோர்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கஞ்சாவின் பெயர் குர்ஆனில் இல்லையே என்றும் சில மாணவர்கள் வாதிக்கிறார்களாம்! போதை தரும் எதுவும் மதுவே என்பது நபிமொழியின் கருத்து. ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டில் ஹஷீஷ் பரவியபோது உலமாக்கள் அதை ஹராம் என்றார்கள். கஞ்சாவும் அதே செடிதான்.

சட்டம் இவ்வளவே. ஆனால் அந்தத் தந்தை இன்னொன்றும் சொன்னார்: "நீ தொட்டாய் என்று தெரிந்தால் என் வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன்." இதைக் கேட்டதும் நமக்குத் திடுக்கிட்டது.

2023 மே மாதம் இதே கடற்கரையில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். மாண்டவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். ஆனால் ஒரு மாணவன் கைக்கு வரும் பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மெத்தனால் முதலில் சாதாரண போதை போலவே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுவலியும் கண் மங்கலும் வரும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போய், குடித்ததை மறைக்காமல் சொன்னால் முறிவு மருந்துண்டு, இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. தூங்கினால் தெளியும் என்று அறையில் கிடந்தால் கண்ணோ உயிரோ போகும். வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லப்பட்ட பிள்ளை, ஒளிந்துதானே கிடப்பான்?

மதீனாவில் குடித்துவிட்டுப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறிய செய்தி புகாரியில் உள்ளது. தண்டனை நீங்கவில்லை, அவர் சமூகத்திலிருந்து தள்ளப்படவுமில்லை.

"அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், எந்த நேரமானாலும் நான் வருகிறேன் என்று சொல்லுங்கள். அதனால் அந்தச் சபை ஹலாலாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்" என்றோம். தந்தை சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று சொல்லிவிட்டு ஸலாம் கூறி எழுந்தார்.