இதய செல்லின் எச்சரிக்கை மணி

லேபில் மூன்று பேஸ் மோட்டாரை ஸ்டார்ட் செய்து பார்த்திருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போய்விட்டால் என்ன ஆகும்? மற்ற இரண்டு பேஸிலும் கரண்ட் ஏறும், ஓவர்லோடு ரிலே சூடாகும், காண்டாக்டர் விடும், மோட்டார் நிற்கும். வைண்டிங் தப்பித்தது! ஆனால் நம் நெஞ்சுக்குள் ஓடுகிற மோட்டாரை அப்படி மொத்தமாக நிறுத்த முடியாது. அது நின்றால் ஆளே காலி. சப்ளை குறைந்தாலும் ஓடியாக வேண்டும். அப்படியானால் அதற்குப் பாதுகாப்பே கிடையாதா?

உண்டு நண்பர்களே. ஒவ்வொரு இதய செல்லுக்குள்ளும் ஒரு பாதுகாப்பு ரிலே இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பும் பட்டன், செல்லின் வெளிச்சுவரில் இருக்கிறது. அந்தப் பட்டனுக்குப் பெயர்தான் ரிசெப்டர். தமிழில் ஏற்பி. டிப்ளமோ படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சிக்னல், ஆம்ப்ளிபையர், த்ரெஷோல்டு என்று இதில் வருவதெல்லாம் நம்ம சப்ஜெக்ட்தான்.

முதலில் லோடு எவ்வளவு என்று பார்ப்போம். சுமார் 300 கிராம் எடையுள்ள இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இதற்கு எரிபொருள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. கையிருப்பில் இருக்கும் ஏ.டி.பி. சில நொடித் துடிப்புகளுக்குத்தான் காணும். அதனால் அதை ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தயாராவது மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜனைக் கொண்டு. இதய செல்லின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மைட்டோகாண்ட்ரியாதான். செல்லுக்குள் இவ்வளவு இடத்தை ஜெனரேட்டர் ரூமே அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் லோடு எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய் அடைபட்டால் அந்தப் பகுதி ஒரு நிமிடத்துக்குள்ளேயே சுருங்கி விரிவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் செல்கள் உடனே சாவதில்லை. நாய்களின் இதயத்தில் செய்த சோதனைகளில், சுமார் 20 நிமிடத்துக்குப் பிறகுதான் மீட்க முடியாத சேதம் தொடங்குவது தெரிந்தது. அதுவும் தசையின் உள்பக்கத்தில் தொடங்கி, அலைபோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் பரவுகிறது. மாரடைப்பு என்பது ஒரே நொடியில் நடந்து முடியும் காரியம் அல்ல. மணிக்கணக்கில் நடக்கும் காரியம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாய்களின் கரோனரிக் குழாய் ஒன்றை 40 நிமிடம் அடைத்துவிட்டு, பிறகு திறந்து, எவ்வளவு தசை செத்தது என்று அளந்தார்கள். இன்னொரு கூட்டம் நாய்களுக்கு அந்த 40 நிமிடத்துக்கு முன்னாலேயே 5 நிமிடம் அடைப்பு, 5 நிமிடம் திறப்பு என்று நான்கு தடவை செய்தார்கள். அதாவது இந்த இரண்டாவது கூட்டத்துக்கு மொத்தம் 60 நிமிடப் பட்டினி. கணக்குப்படி சேதம் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் செத்துப்போன தசை, முதல் கூட்டத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குதான்! சின்னச் சின்ன மூச்சுத்திணறல்கள் இதயத்தைப் பெரிய மூச்சுத்திணறலுக்குத் தயார்படுத்திவிட்டன. இதற்கு 'பிரீகண்டிஷனிங்' என்று பெயர் வைத்தார்கள். முன்தயாரிப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அதே கட்டுரையில் இன்னொரு ரிசல்ட்டும் இருக்கிறது. கடைசி அடைப்பை 40 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணி நேரம் நீட்டினால், முன்தயாரிப்பு செய்த இதயத்துக்கும் செய்யாத இதயத்துக்கும் வித்தியாசமே இல்லை. என்னைக் கேட்டால், பேரதிசயமாகப் பேசப்பட்ட முதல் ரிசல்ட்டைவிட இதுதான் முக்கியம். முன்தயாரிப்பு செல்லைச் சாகாவரம் பெற்றதாக ஆக்கவில்லை. வாய்தா மட்டும் வாங்கிக் கொடுக்கிறது. அந்த வாய்தாவுக்குள் சப்ளை திரும்ப வந்துவிட வேண்டும்.

சரி, ஐந்து நிமிடம் பட்டினி கிடந்த சேதி செல்லுக்குள் எப்படிப் பதிவாகிறது? இங்கேதான் ரிசெப்டர் வருகிறது. செல்லின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. வெளியே மிதக்கும் ஹார்மோன்கள் பலவற்றுக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. வாசலில் காலிங் பெல்தான் அடிக்க முடியும். அந்தப் பெல், மேல்தோலை ஏழு தடவை ஊடுருவி வளைந்து நிற்கும் ஒரு புரதம். வெளிமுனையில் சரியான மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். உடனே உள்பக்கம் ஒட்டியிருக்கும் 'ஜி' புரதம் கிளம்பிப்போய் அடுத்த நொதியை இயக்கும். ஒரு ரிசெப்டர் பல ஜி புரதங்களைக் கிளப்பும். இயக்கப்பட்ட நொதி ஒவ்வொன்றும் ஏராளமான தூது மூலக்கூறுகளை உண்டாக்கும். நாம் போர்டில் போடுகிற மல்டி ஸ்டேஜ் ஆம்ப்ளிபையர் இதுவேதான். ஜி புரதத்தைக் கண்டுபிடித்ததற்காக கில்மனும் ராட்பெல்லும் 1994-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த வகை ரிசெப்டர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012-ல் பெற்றார்கள். லெஃப்கோவிட்ஸ் வேலை பார்த்ததும் அதே டியூக் பல்கலைக்கழகத்தில்தான்!

இதய செல்லில் இப்படிப் பல பெல்கள் உண்டு. அட்ரினலின் வந்து அழுத்துவது பீட்டா ரிசெப்டர். அது ஆக்சிலேட்டர். வைவாவுக்குப் பெயர் கூப்பிட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதே, அது இதன் வேலைதான். இந்தப் பெல்லை அழுத்த விடாமல் மூடி வைக்கும் புரொப்ரனலால் என்ற மருந்தை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாதுகாப்பு ரிலேயை இயக்கும் பெல் வேறு. அதன் பெயர் அடினோசின் ஏ-1 ரிசெப்டர்.

அடினோசின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஏ.டி.பி.யில் இருக்கும் 'ஏ' அதுதான்! ஆக்சிஜன் இல்லாதபோது ஏ.டி.பி. செலவாகி ஏ.டி.பி. ஏ.எம்.பி. என்று படிப்படியாக உடைந்து, கடைசியில் மிஞ்சும் சக்கைதான் அடினோசின். அது செல்லுக்கு வெளியே சேர்ந்து, செல்லின் வாசலிலேயே பெல் அடிக்கிறது. தீர்ந்துபோன எரிபொருளின் சாம்பலே "எரிபொருள் தீருது, ஜாக்கிரதை" என்று சொல்கிறது. தனியாக சென்சார் வைக்காமல் இப்படி ஒரு டிசைனை நம்மில் யாராவது போட்டிருப்போமா?

இதை நிரூபித்தவர்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டவுனி என்பவரின் குழுவினர். 1991-ல் முயல் இதயங்களில் செய்து காட்டினார்கள். அடினோசின் ரிசெப்டரை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் முன்தயாரிப்பு பலிக்கவில்லை. மறுபுறம், அடைப்பே செய்யாமல் ஐந்து நிமிடம் அடினோசின் மட்டும் செலுத்தினாலும் பாதுகாப்பு கிடைத்தது. ஸ்விட்சை எடுத்துவிட்டும் பார்த்தாகிவிட்டது, நேராக ஷார்ட் செய்தும் பார்த்தாகிவிட்டது. பால்ட் கண்டுபிடிக்க நாம் செய்கிற அதே முறை. (அவர்கள் பயன்படுத்திய அடைப்பு மருந்துகளில் ஒன்று, தேயிலையில் உள்ள தியோபிலினிலிருந்து வந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாம் குடிக்கும் காபியின் காபீனும் அடினோசின் ரிசெப்டரை மறைத்துத்தான் தூக்கத்தை விரட்டுகிறது.)

பெல் ஒன்று மட்டும் இல்லை. பிராடிகைனின் என்ற பொருளுக்கு ஒரு ரிசெப்டர், உடம்பே தயாரிக்கும் மார்பின் போன்ற பொருள்களுக்கு ஒரு ரிசெப்டர், இவையும் அதே ரிலேயைத்தான் இழுக்கின்றன. 1995-ல் வந்த ஒரு முயல் சோதனை அழகானது. ஒரே ஒரு ஐந்து நிமிட அடைப்பு கொடுக்கும்போது பிராடிகைனின் ரிசெப்டரை மூடினால் பாதுகாப்பு போய்விட்டது. ஆனால் நான்கு தடவை அடைப்பு கொடுத்தால், அந்த ரிசெப்டரை மூடியிருந்தும் பாதுகாப்பு கிடைத்தது. என்ன அர்த்தம்? பல உள்ளீடுகள் கூட்டப்படுகின்றன. கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ரிலே விழுகிறது. ஒரு உள்ளீடு குறைந்தால் மற்றவை நேரம் எடுத்து ஈடுகட்டுகின்றன. சம்மிங் ஆம்ப்ளிபையருக்குப் பின்னால் ஒரு கம்பரேட்டர். அவ்வளவுதான்!

வரம்பைத் தாண்டியபின் சேதி 'புரோட்டீன் கைனேஸ் சி' போன்ற நொதிகளின் வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அங்கே பொட்டாசியம் செல்லும் ஒரு வழி திறக்கிறது என்றும், பிறகு நடக்கும் மாற்றங்களின் முடிவாக மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் உள்ள ஒரு பெரிய துளை திறக்காமல் தடுக்கப்படுகிறது என்றும் விளக்குகிறார்கள். இந்தத் துளைதான் வில்லன். அது திறந்தால் ஜெனரேட்டர் ஊதி வெடித்து செல் சாகிறது. வேடிக்கை என்னவென்றால், அது அதிகம் திறப்பது அடைப்பு இருக்கும்போது அல்ல, ரத்தம் திரும்ப வரும் முதல் சில நிமிடங்களில். செல்லில் கால்சியம் குவிந்திருக்கும் நேரத்தில் ஆக்சிஜன் திடீரென்று பாய்வதால் வரும் வினை. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி டி.வி. போய்விடுகிறதே, அந்த மாதிரி.

அப்படியானால் மாரடைப்பு வந்தவருக்கு இந்த ரிலேயை இழுத்துவிட்டால் போதாதா? முயற்சி செய்யாமலா இருப்பார்கள்? கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி, 5 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்தினால் தூரத்தில் இருக்கும் இதயத்துக்கும் முன்தயாரிப்பு கிடைக்கும் என்று சிறிய ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. செலவே இல்லாத வைத்தியம்! ஆனால் 2015-ல் இதய அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் செய்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. 2019-ல் ஐரோப்பாவில் மாரடைப்பு வந்த 5,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்விலும் இறப்போ இதயச் செயலிழப்போ குறையவில்லை.

முயலில் பலித்தது மனிதனில் ஏன் பலிக்கவில்லை? சோதனை விலங்குகள் இளமையானவை, நோயற்றவை. நோயாளிகளோ வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள். டவுனி குழுவினர் இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கு ரத்தத் தட்டுகள் ஒட்டாமலிருக்க முதலிலேயே கொடுக்கும் சில மருந்துகள், விலங்குச் சோதனைகளில் இதே சிக்னல் பாதையை இயக்கின. ஏற்கெனவே விழுந்துவிட்ட ரிலேயை மறுபடி அழுத்தி என்ன பயன்?

ஆகவே இன்று மருத்துவர் கையில் உறுதியாக இருக்கும் ஆயுதம், அடைப்பைச் சீக்கிரம் திறப்பதுதான். வீட்டில் பெரியவர் யாராவது நெஞ்சை அழுத்துகிறது என்று சொல்லி, சோடா குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாம் என்று இழுத்தால், விடாதீர்கள். அப்பா, தாத்தா என்று தயங்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஏ-1 ரிசெப்டர் உள்ளே பெல்லை அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது வாங்கித் தரும் வாய்தா, 40 நிமிட அடைப்புக்குப் பலித்த அளவுக்கு மூன்று மணி நேர அடைப்புக்குப் பலிக்கவில்லை என்று 1986-லேயே பார்த்துவிட்டார்கள்.