கடலில் மூழ்கிய கையோடு மலையேற வேண்டாம்

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் பாறை, கடலுக்குள்ளும் செங்குத்தாகவே இறங்குகிறது. 1956-இல் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அதன் அடிவாரத்தில் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள்.

இப்படிப் பாறைச் சுவரை ஒட்டி மூழ்குவது தேர்ந்தவர்களுக்கு மட்டுமே. காலுக்குக் கீழே தரை தெரியாது. கண் மீனிலே இருக்க, உடல் தானாக இறங்கிவிடும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, சிலிண்டர் காற்றும் அதே வேகத்தில் தீரும். எத்தனை மீட்டர் வரை என்பதைப் படகிலேயே பேசி முடித்துவிட வேண்டும். முனை திரும்பும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது. மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் ஆகாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவது நல்லது.

மலையடிவாரத்துப் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரத்துக்குப் போனால் திறந்த சோடா பாட்டில்போலக் குமிழிடும். பலமுறை மூழ்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்கும் இதே கணக்குத்தான். போடிமெட்டின் உயரம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

ராமேஸ்வரத்தில் மூழ்கினாலும் அப்படியே. தனுஷ்கோடி - கொச்சி நெடுஞ்சாலை நேராகப் போடிமெட்டுக்கே ஏற்றிவிடும். அன்றிரவு கீழே சிலமலையில் தங்கி, மறுநாள் மேலே ஏலத்தோட்டத்துக்குப் போங்கள். மூட்டுவலியோ மரமரப்போ இருந்தால், கடலில் மூழ்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.