வேண்டாத வரம்

செங்கற்பட்டினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியில் சிங்கப்பெருமாள் கோயில் என்னும் ஊர் உள்ளது. அங்கே, பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து அமைத்த கருவறையில் பாடலாத்திரி நரசிங்கப் பெருமாள் வீற்றிருக்கின்றார். திருமேனி குன்றோடு ஒன்றியிருத்தலின், அவரை வலம்வர விழைவோர் குன்றையே சுற்றிவருதல் வேண்டும். வெறுங்காலோடு நடப்போர்க்கு முள் தைப்பதுண்டு. தைத்த அக்கணமே கால் தானே பின்வாங்கும். அடியவர் குனிந்து முள்ளைக் களைந்து மேலே நடப்பர். முள்ளை வைவார் உண்டு. முள்ளை அறிவித்த வலிக்கு நன்றி கூறுவார் இலர்.

அக்கோயிலில் திருப்பாவை ஒலிக்கும் மார்கழித் திங்களிலேயே கிறிஸ்து பிறப்பு விழாவும் வருகின்றது. புத்தாடையும் பலகாரமும் பரிசும் அவ்விழாவிற்கு அழகு செய்வன. ஆண்டாளும் அணிகலன், ஆடை, பாற்சோறு ஆகியவற்றைப் பாடிவிட்டு, ஈற்றயற் பாட்டில் அவையல்ல, என்றும் நீங்காத தொண்டே வேண்டும் என்கின்றார். பொருளல்லாத பேற்றைப் பெரிதாக மதிப்பது இருசாரார்க்கும் பொதுவே. ஆயினும் எவரும் வேண்டாத ஒரு பேற்றுக்கு நன்றி பாராட்டிய மருத்துவர் ஒருவர் இருந்தார்.

அவர் பெயர் பால் பிராண்டு. 1914-இல் பிறந்த அவர், ஆங்கிலேயச் சமயத் தொண்டரான பெற்றோருடன் கொல்லிமலையில் இளமையைக் கழித்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு காக்ரேன் என்னும் தொழுநோய் வல்லுநர் அவரைச் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கு விரல்கள் மடங்கிப்போன ஒருவரைக் கண்ட பிராண்டு, தம் கையை நீட்டி இறுகப் பற்றுமாறு பணித்தார். பற்றிய பிடியில் மருத்துவர்க்கு வலி பொறுக்கவில்லை. பற்றியவர்க்கோ தாம் நோவச் செய்கின்றோம் என்பதே தெரியவில்லை! செத்த கை என்று உலகம் தள்ளிய கையில் இத்துணை வலிமையா என்று அவர் வியந்தார். நல்ல தசைநாணை இடம் மாற்றி இணைத்து விரல்களை நிமிர்த்தும் மருத்துவம் அவ்வியப்பினின்றே பிறந்தது.

எனினும் விரல்கள் தேய்வது ஏன் என்னும் வினா எஞ்சி நின்றது. தொழுநோய் தசையைத் தின்றுவிடுகின்றது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். ஒருநாள், பிராண்டு திறக்க முயன்றும் இயலாத துருப்பிடித்த பூட்டைச் சிறுவன் ஒருவன் திருகித் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவனோ அதை அறியவில்லை. சிலர் உறங்கும்போது எலி கடித்தும் விரல் இழந்தனர். ஆதலின், வீடு திரும்பும் நோயாளர்க்குப் பூனையொன்றைக் கொடுத்தனுப்புதல் வழக்கமாயிற்று. நோய் நரம்பைக் கெடுக்கின்றது, வலி நீங்குகின்றது, காவலற்ற உடல் காயங்களால் அழிகின்றது. இதுவே அவர் கண்ட உண்மை.

ஒருமுறை நெடும்பயணம் முடித்து இலண்டனில் தங்கிய இரவு, தம் குதிகால் மரத்திருப்பதை அவர் உணர்ந்தார். ஊசியால் குத்தினார், வலி இல்லை. தமக்கும் தொழுநோய் வந்துற்றதோ என்று அஞ்சி இரவெல்லாம் கண்துயிலாது கிடந்தார். மனைவி மக்களை எங்ஙனம் பிரிவது, தொடங்கிய பணியை எவர் தொடர்வது என்று உள்ளம் உழன்றது. விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுருக்கென்று வலித்தது. மகிழ்ச்சி மேலிட்டுக் கூவிவிட்டார். நெடுநேரம் அமர்ந்து வந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அதன்பின் விரல் வெட்டுண்டாலும் அவர் கடவுளுக்கு நன்றி கூறினார்.

பின்னாளில் அமெரிக்காவில் அவரும் துணைவரும் வலிக்கு மாற்றாக ஒரு கருவி செய்ய முயன்றனர். கையுறையில் அழுத்தம் மிகின் ஒலி எழும். ஆனால் வேலை மும்முரத்தில் நோயாளர் அதனை நிறுத்திவிட்டு மேலும் அழுத்தினர்! நிறுத்தவியலாத வலியைச் செய்துதர எவராலும் இயலவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. பிராண்டு 2003-இல் மறைந்தார்.

செங்கற்பட்டைச் சார்ந்த திருமணியில் 1955 முதல் நடுவண் அரசின் தொழுநோய் நிறுவனம் இயங்கிவருகின்றது. 1982 முதல் வழங்கும் கூட்டு மருந்துகள் நோய்க்கிருமியை அறவே அழிக்கின்றன. கெட்டழிந்த நரம்போ பெரும்பாலும் மீள்வதில்லை. ஆதலின் உணர்விழந்தோர், நாள்தோறும் தம் உள்ளங்கால்களைக் கண்ணால் நோக்கி, முள் தைத்திருக்கின்றதா என்று தேடிப் பார்க்கப் பயிற்றப்படுகின்றனர்.