பெத்லகேம் குறவஞ்சி: சிற்றிலக்கிய மரபும் கிறித்தவச் சுவைநெறியும்

முன்னுரை

கிறித்தவ நம்பிக்கை தமிழ்க் கலைக்குப் புதிய பாடுபொருளை வழங்கியது என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்தாகும். எனினும், மரபான ஒரு வடிவத்தில் எதனைக் கொள்வது, எதனை மாற்றுவது, அதனை எவ்வாறு சுவைப்பது என்பனவற்றையும் நம்பிக்கையே வரையறுக்கின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கின்றது.

வடிவ ஏற்பு

தலைவன் உலா வருதல், தலைவி மையலுறுதல், குறத்தி மலைவளம் கூறிக் குறி சொல்லுதல், சிங்கன் சிங்கியைத் தேடுதல் என்பன குறவஞ்சியின் அடிப்படை நிகழ்ச்சிகள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் தலைவன் இறைவன். சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் தலைவன் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. எனவே, பாட்டுடைத் தலைவனை மாற்றிக்கொள்ள இடந்தரும் நெகிழ்ச்சி இவ்வகைமையிலேயே உள்ளது. அந்நெகிழ்ச்சியைப் பயன்படுத்தியே சாஸ்திரியார் இயேசுவைத் தலைவனாக்கினார்.

சரபோஜியும் சாஸ்திரியாரும் மறைப்பணியாளர் சுவார்ட்ஸின் அரவணைப்பில் கல்வி பெற்றவர்கள். சரபோஜி பெயரில் வழங்கும் மராத்திய தேவேந்திரக் குறவஞ்சி உலகப் புவியியலைக் கூறுகின்றது. அக்காலத் தஞ்சையில் குறவஞ்சி புத்தறிவைத் தாங்கும் கலமாகவும் கருதப்பட்டமையை இது உணர்த்தும்.

உருவகமும் சுவையும்

பெத்லகேம் குறவஞ்சியின் தலைவி சீயோன் மகள். அவள் திருச்சபையின் உருவகம். குறி கூறும் சிங்கி விசுவாசத்தையும், பறவை பிடிக்கும் சிங்கன் நற்செய்தி உரைக்கும் குருவையும் குறிப்பர். சீடரை மனிதரைப் பிடிப்போராக்குவதாக இயேசு கூறும் நற்செய்திப் பகுதியில் மீன்பிடித்தொழில் உருவகமாகின்றது. இங்கு அவ்விடத்தைத் தமிழ்க் குறவனின் கண்ணி பெறுகின்றது.

தலைவியின் மையலை நீக்காமல் வைத்திருப்பது கருதத்தக்கது. உன்னதப்பாட்டைக் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள அன்பாகக் கொள்வது கிறித்தவ உரைமரபு. இறைவனைத் தலைவனாகக் கொண்டு பாடுவது தமிழ்ப் பக்தி மரபு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் அகத்திணைச் சுவை நம்பிக்கைக்கு முரணாகாமல் அதன் மொழியாகின்றது. ஆதலின் இந்நூலைச் சுவைப்போர்க்கு இருவகைப் பயிற்சி வேண்டும். விவிலியம் அறிந்து குறவஞ்சி அறியாதவர் கருத்தை மட்டும் பெறுவர். குறவஞ்சி அறிந்து விவிலியம் அறியாதவர் இசையை மட்டும் பெறுவர்.

ஏற்பின் எல்லை

இவ்விணைவு எல்லாராலும் ஏற்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த புதிய மறைப்பணியாளர், தமிழ்க் கிறித்தவர் பேணிய இசை, மலர் முதலிய வழக்கங்களை எதிர்த்தனர். சாஸ்திரியார் அவற்றுக்காக வாதிட்டார். ஆனால் அதே எழுத்துகளில் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு நீடிப்பதையும் அவர் ஆதரித்தார். இசைக்கும் மலருக்கும் சாதிக்கும் அவர் காட்டிய நியாயம் ஒன்றே: இவை நாட்டு வழக்கம், நம்பிக்கைக்கு மாறானவை அல்ல.

இந்நியாயம் இசையைப் பொறுத்தவரை வலுவுடையது. இராகமும் தாளமும் எவரையும் தாழ்த்துவதில்லை. சாதி பிறரைத் தாழ்த்துவதாலேயே நிலைபெறுவது. இவ்வேறுபாட்டைச் சாஸ்திரியார் கருதவில்லை. மறைப்பணியாளரோ இரண்டையும் ஒருசேர விலக்க முனைந்தனர். எனவே இவ்வழக்கில் ஒரு தரப்பைப் பண்பாட்டுக் காவலராகவும் மறுதரப்பைச் சமத்துவப் போராளியாகவும் மட்டும் காண்பது முழுமையான ஆய்வாகாது.

முடிவுரை

பெத்லகேம் குறவஞ்சியில் நம்பிக்கை வடிவத்தை அழிக்கவில்லை. அதன் உறுப்புகளுக்குப் புதிய பொருள் தந்து, சுவைப்போரிடம் இரட்டை அறிவை எதிர்பார்க்கின்றது. மரபை ஏற்கும் கலைஞன் அதன் அழகோடு ஏற்றத்தாழ்வையும் பெற்றுக்கொள்ளக்கூடும் என்பதைச் சாஸ்திரியாரின் வாழ்வு காட்டுகின்றது. கிறித்தவத் தமிழ்க் கலையை மதிப்பிடுவோர் படைப்பின் நயத்தோடு, அது பாடப்பட்ட சபையில் யார் எங்கு அமர்ந்தனர் என்பதையும் கேட்டல் வேண்டும்.